மலையேறிய இயந்திரங்கள் – 11: ரோதையின் வரைபடம்

1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் ரயில் எட்டியதைச் சென்ற இதழில் பார்த்தோம். மாட்டு வண்டிப் பாதையை நம்பிக் கிடந்த கனத்த இரும்புகள் அதன்பின் தண்டவாளத்தில் மலையேறின. அப்படி ஏறியவற்றில் நம் மக்கள் பெயர் சூட்டித் தமதாக்கிக்கொண்ட இயந்திரம் ஒன்று உண்டு. அதுதான் ரோதை.

சக்கரத்தைக் குறிக்கும் 'ரோதா' என்ற போர்த்துக்கீசச் சொல் தமிழில் ரோதை ஆயிற்று. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், அது கொழுந்து அரைக்கும் இயந்திரத்தின் பெயரானது. பெயரோடு நிற்கவில்லை. ஸ்டோர் ஓரத்தில் ரோதைமுனி என்ற காவல் தெய்வமும் குடியேறியது. கை சிக்காமல், பெல்ட் அறாமல் காத்தருளும்படி அந்தச் சாமிக்குக் கற்பூரம் காட்டினார்கள். ஒரு இயந்திரத்துக்கு மனிதர்கள் தரக்கூடிய மரியாதையில் இதைவிட மேலானது இல்லை.

ஆனால் கற்பூரம் காட்டியவர்களின் கையில் ரோதையின் வரைபடம் ஒருநாளும் இருந்ததில்லை. அதைப்போல் இன்னொன்றைச் செய்து விற்கும் உரிமையும் தொடக்கத்தில் இருந்ததில்லை. இந்த இதழின் கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. ஓர் இயந்திரத்தை எப்போது 'திறந்தது' என்று சொல்லலாம்? உலகம் 2011இல்தான் இதற்கு ஒரு வரையறையை எழுதி முடித்தது. நம் மலைக்கோ அந்தக் கேள்வி 1867இலேயே வந்துவிட்டது.

வராந்தாவில் ஒரு ஆலை

கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டப் பகுதியில் இருக்கிறது லூல்கந்துர தோட்டம். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் தாக்கத் தொடங்கியது 1869இல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நடந்த சோதனை இது.

இலை வந்தது. ஆனால் அதைத் தேயிலைத் தூளாக்க இயந்திரம் இல்லை. பங்களாவின் வராந்தாவில் மேசை போட்டு, வாடிய கொழுந்தைக் கையால் தேய்த்து உருட்டினார்கள். மண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டி, கம்பித் தட்டில் இலையைக் காயவைத்தார்கள். அந்த வராந்தாதான் இலங்கைத் தேயிலையின் முதல் ஆலை.

டெய்லர் இதையெல்லாம் எங்கே கற்றார்? காச்சார் பகுதியிலிருந்து வந்த நோபிள் என்ற தோட்டக்காரர், பறிப்பதையும் வாட்டுவதையும் உருட்டுவதையும் அவருக்குக் காட்டிக்கொடுத்தார். அதே காலத்தில் ஆர்தர் மொரிஸ் என்பவர் அஸ்ஸாமுக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள தேயிலைத் தோட்டங்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். ஒருவர் சொல்லிக் கற்பது ஒரு வழி. எழுதி வைத்ததைப் படித்துக் கற்பது இன்னொரு வழி. இந்த இரண்டும் நம் கதை முழுக்கக் கூடவே வரும்.

1872இல் டெய்லர் தனியான தேயிலை ஆலை ஒன்றை அமைத்தார். அவரே சிந்தித்து வடிவமைத்த உருட்டும் இயந்திரமும் அதற்கு வந்தது. அது கண்டியில் செய்யப்பட்டது. இந்தத் தகவலை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இலங்கைத் தேயிலையின் முதல் ரோதை கப்பலில் வந்ததன்று. மலையில் யோசித்து மலையடிவாரத்துப் பட்டறையில் செய்தது அது.

இரண்டு பூட்டுகள்

அதே 1872இல் அஸ்ஸாமில் வில்லியம் ஜாக்சன் தனது முதல் உருட்டு இயந்திரத்தை ஓடவிட்டார். பின்னர் அவருடைய இயந்திரங்களை இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரில் மார்ஷல் கம்பெனி வார்த்துக் கப்பலேற்றியது. காயவைக்கும் இயந்திரத்தில் சாமுவேல் டேவிட்சன் பெயர் பெற்றார். 1881இல் பெல்ஃபாஸ்ட் நகரில் அவர் தொடங்கிய சிரோக்கோ தொழிற்சாலையின் பெயரை, மலையில் பழைய டீ மேக்கர்கள் இன்றும் மறக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டு முடியும்போது வராந்தா மேசையின் காலம் முடிந்திருந்தது.

ஜாக்சன் வகை ரோலரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் சூட்சுமம் புரியும். கீழே வட்டமான மேசை. அதன்மேல் பித்தளைப் பட்டைகள் வளைந்து எழும்பி நிற்கும். மேலே அடியில்லாத உருளை, ஜாக்கெட் என்பார்கள். அதற்குள் வாடிய கொழுந்தைக் கொட்டி, மூடியை இறக்கி அழுத்துவார்கள். மேசையும் ஜாக்கெட்டும் எதிரெதிராகச் சுற்றும்போது இலை கசங்கி முறுகிச் சாறு கசியும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே இலையை வைத்துத் தேய்ப்பதுபோலத்தான். வராந்தாவில் கை செய்த வேலையை இரும்புக்கு மாற்றியதே அந்தக் கண்டுபிடிப்பு.

கையின் வேலைக்கு யார் உரிமை கோருவது? ஜாக்சனுக்கு முன்பே உருட்டு இயந்திரம் ஒன்றுக்கு உரிமம் பெற்றிருந்தவர் கின்மண்ட். இருவருக்கும் இடையிலான பிணக்கு 1870களில் கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை போனது. இந்தியாவின் ஆரம்பகாலக் காப்புரிமை வழக்குகளில் ஒன்று தேயிலை உருட்டும் பொறியைப் பற்றியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

காப்புரிமையை ஆங்கிலேயர் 'பேட்டன்ட்' என்றார்கள். திறந்திருப்பது என்பதே அதன் மூலமான லத்தீன் சொல்லின் பொருள். முத்திரை இட்டு மூடாமல், எல்லோரும் வாசிக்கும்படி அரசர் வழங்கிய மடலுக்கு அந்தப் பெயர். கண்டுபிடிப்பாளன் தன் ரகசியத்தை எழுதி ஊருக்குக் காட்ட வேண்டும். அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் அதைச் செய்து விற்கும் தனியுரிமை அவனுக்குக் கிடைக்கும். இதுதான் ஒப்பந்தம். அந்தக் காலத்துப் பிரித்தானியச் சட்டத்தில் அது 14 ஆண்டுகள். இன்று இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி 20 ஆண்டுகள்.

அப்படியானால் ஜாக்சனின் முதல் ரோலர் 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே எல்லோருக்கும் உரியதாகியிருக்க வேண்டும். சட்டப்படி ஆயிற்று. ஆனாலும் ஹட்டனில் ஒருவரால் மறுநாளே ஒரு ரோலர் வார்த்துவிட முடியவில்லை. ஏனென்றால் பூட்டு ஒன்று அல்ல, இரண்டு.

முதல் பூட்டு சட்டத்தின் பூட்டு: செய்யும் உரிமை யாருக்கு? இரண்டாவது அறிவின் பூட்டு: எப்படிச் செய்வது? உரிமப் பத்திரத்தில் கருத்தும் படமும் இருக்கும். அச்சாணியின் விட்டம் எவ்வளவு, எந்தக் கலவையில் வார்த்தது, பல்சக்கரத்துக்கு எத்தனை பல், எந்த இடத்தில் மயிரிழை தளர்வு விட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்காது. அவை கெயின்ஸ்பரோவில் வரைபட அலமாரியிலும், வார்ப்புக்கான மர அச்சுகளிலும், அங்குள்ள தொழிலாளர் கைகளிலும் இருந்தன. முதல் பூட்டு காலத்தால் திறந்தது. இரண்டாவது பூட்டு அப்படித் தானாகத் திறப்பதில்லை.

பட்டறையில் கற்றது

மலை சும்மா இருக்கவில்லை. கோப்பிக் காலத்திலேயே, 1854இல், ஜோன் வோக்கர் கண்டியில் பட்டறை தொடங்கியிருந்தார். 1875இல் ஹட்டனில் தோட்டங்களுக்கான பொறியியல் பட்டறையாகப் பிரவுன் கம்பெனி பிறந்தது. இயந்திரம் பழுதானால் மாற்றுப் பாகம் வரும்வரை ஸ்டோர் காத்திருக்க முடியாது. பறித்த கொழுந்து காத்திருக்காது. மாலைக்குள் வாட்டுத் தட்டுக்குப் போகாவிட்டால் சிவந்து கெட்டுவிடும். அந்த அவசரம்தான் மலையகத்துப் பட்டறைகளின் ஆசிரியர்.

பட்டறையில் 'பாஸ்' எனப்படும் கைவினைஞர் ஒருவர் உடைந்த புஷ்ஷைக் கையிலெடுத்துச் செய்வதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் துடைப்பார். தேய்ந்த பக்கத்தையும் தேயாத பக்கத்தையும் விரலால் தடவிப் பிரிப்பார். கலிப்பரைத் தேயாத பக்கத்தில் வைத்து அளவெடுப்பார். அந்த அளவிலிருந்து, புதிதாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்பதை மனதால் கட்டுவார். பிறகு கடைசல் இயந்திரத்தில் பித்தளையை ஏற்றுவார். வரைபடம் இல்லாத இடத்தில் உடைந்த பாகமே வரைபடமாகிவிடுகிறது. இந்தக் கைத்திறனை நான் எவ்வளவு மதித்தாலும் போதாது.

ஆனால் இதை வைத்து ரோதை திறந்துவிட்டது என்று சொல்லலாமா? கூடாது. அந்தப் பாஸ் கண்டறிந்த அளவு அவருடைய மனதிலோ சுவரில் கரியால் எழுதிய எண்ணிலோ நின்றது. அவர் ஓய்வு பெற்றால் அதுவும் போய்விடும். பக்கத்துத் தோட்டத்துப் பாஸ் அதே வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பார்க்க முடிவது ஒன்று. செய்ய உரிமை இருப்பது இன்னொன்று. செய்யும் முறை எல்லோர் கைக்கும் எட்டுவது மூன்றாவது. மூன்றும் சேர்ந்தால்தான் இயந்திரம் திறக்கும்.

தண்ணீரில் பிறந்த கரண்ட்

இந்த வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது நம் மலையின் நீர்மின் கதை.

ஓடையும் பள்ளமும் உள்ள தோட்டங்களில் ஸ்டோரை ஓட்ட முதலில் நீர்ச்சக்கரம் வந்தது, பிறகு டர்பைன் வந்தது. இங்கிலாந்தின் கென்டல் நகரத்துக் கில்க்ஸ் கம்பெனியின் டர்பைன்கள் பல தோட்டங்களுக்கு வந்தன. 1912இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூலில் சிறு மின் நிலையம் அமைத்து நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுத்தார். 1918இல் மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் சங்கத்தின் முன் கணக்கோடு எடுத்துரைத்தார். அவர் கனவு கண்ட லக்சபான நீர்மின் திட்டம் 1950இல்தான் நிறைவேறியது.

பெரிய மின்சாரம் கம்பி வழியே வந்ததும் தோட்டத்துச் சிறு டர்பைன்கள் ஒவ்வொன்றாக நின்றன. கால்வாய் தூர்ந்தது, குழாய் துருப்பிடித்தது. இதில் வலிக்கும் உண்மை ஒன்று உண்டு. அந்த டர்பைன்கள் ஓடிய காலத்திலும் வெளிச்சம் ஸ்டோருக்கும் பங்களாவுக்கும்தான். பீலிக்கரையில் தண்ணீர் பிடித்த லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. பெரும்பாலான லயங்களுக்கு மின்சாரம் வந்தது 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில்.

1966இல் பொருளியலாளர் ஷூமாக்கர் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்பு, இன்று பிராக்டிகல் அக்ஷன் என்று அறியப்படுவது, 1980களில் நின்றுபோன தோட்டத்து நீர்மின் நிலையங்களுக்கு உயிர் கொடுக்கும் வேலையில் இறங்கியது. 1990களில் அதே அனுபவம் மத்திய மலைநாட்டிலும் சப்ரகமுவவிலும் உள்ள கிராமங்களை நோக்கித் திரும்பியது. ஊரார் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, கால்வாய் வெட்டி, தங்கள் ஓடையிலிருந்து தாங்களே மின்சாரம் எடுத்தார்கள். டர்பைனை உள்ளூர்ப் பட்டறைகளே செய்தன.

எப்படிச் சாத்தியமாயிற்று? கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 20 லீற்றர் நீர், 30 மீற்றர் உயரத்திலிருந்து இறங்குகிறது. 20ஐ 30ஆல் பெருக்கி, புவியீர்ப்பின் 9.81ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 5,900 வாற்று. வழியில் பாதி வீணானாலும் மூன்று கிலோவாற்றுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். வீட்டுக்கு 100 வாற்று என்றால் கிட்டத்தட்ட 30 வீடு. ஒரு லய வரிசைக்கு மேலாகவே வரும்.

மின்பிறப்பாக்கி விலை அதிகம். ஆனால் அரிசி ஆலையில் ஓடும் சாதாரண மூன்று கட்ட மோட்டர் எந்த ஊரிலும் கிடைக்கும். அதைத் தண்ணீரால் அதன் வழக்கமான வேகத்துக்கும் சற்று மேலே சுற்றி, முனைகளில் கெப்பாசிட்டர் இணைத்தால், இரும்பில் ஒட்டியிருக்கும் மிச்சக் காந்தம் போதும். மோட்டரே மின்சாரம் பிறப்பிக்கும். வீடுகளுக்கு வேண்டியது ஒற்றைக் கட்ட மின்சாரம். அதற்கு ஒரு பக்கம் ஒரு பங்கு கெப்பாசிட்டர், இன்னொரு பக்கம் இரண்டு பங்கு என்று இணைக்கிறார்கள். எந்தப் பக்கம் இரண்டு பங்கு என்பது மோட்டர் சுழலும் திசையைப் பொறுத்தது. மாற்றிப் போட்டால் மோட்டர் சூடேறும்.

இரவு பத்து மணிக்கு ஊர் விளக்கை அணைக்கும்போது சுமை சட்டென்று குறையும், மின்னழுத்தம் எகிறும். அதைத் தடுக்க ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, எஞ்சும் மின்சாரத்தைத் தண்ணீருக்குள் மூழ்கிய சூடேற்றும் கம்பிக்குத் திருப்பிவிடும். ஓடையும் நிற்காது, மோட்டரும் எரியாது.

இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் இந்த முறையை ஆராய்ந்த நைஜல் ஸ்மித், மோட்டரை மின்பிறப்பாக்கியாகப் பயன்படுத்துவது பற்றி 1994இல் ஒரு சிறு நூல் எழுதினார். எந்த மோட்டரைத் தேர்வது, கெப்பாசிட்டரை எப்படிக் கணிப்பது என்று படிப்படியாகச் சொல்லும் நூல். கெயின்ஸ்பரோ அலமாரியில் மாட்டிக்கொண்ட வகை அறிவு இங்கே புத்தகமாகக் கைக்கு வந்தது. அதனால்தான் உள்ளூர்ப் பட்டறைக்காரர் துணிந்து செய்தார், விற்றார், பழுது பார்த்தார்.

வரையறை எழுதப்பட்டது

இதே காலத்தில் கணினி உலகத்தில் இன்னொரு நீரோட்டம். மென்பொருளின் மூலத்தை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற இயக்கம் 1980களில் ரிச்சர்ட் ஸ்டால்மனால் தொடங்கப்பட்டது. 1997இல் புரூஸ் பெரன்ஸ் இதேபோல வன்பொருளுக்கும் சான்று தரும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். ஆனால் மென்பொருளுக்குப் பொருந்திய வழி இரும்புக்கும் மின்சுற்றுக்கும் அப்படியே பொருந்தவில்லை.

காரணம் எளியது. மென்பொருள் எழுத்து. எழுதிய கணமே பதிப்புரிமை வந்துவிடும். அந்த உரிமையை வைத்தே பகிர்வதற்கான நிபந்தனையையும் போடலாம். இயந்திரம் அப்படியன்று. அதன் வரைபடத்துக்குப் பதிப்புரிமை உண்டு. அந்த வரைபடப்படி செய்த பல்சக்கரத்துக்கு இல்லை. பல்சக்கரத்தைக் காக்கக் காப்புரிமை வேண்டும், அதற்குப் பணமும் காலமும் வேண்டும். மேலும் மென்பொருளை ஆயிரம் படி எடுக்கச் செலவு இல்லை. ரோலரை இன்னொன்று செய்ய ஒரு தொன் இரும்பு வேண்டும், உலை வேண்டும், கூலி வேண்டும்.

2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காகப் பிறந்த ஆர்டுவினோ என்ற சிறு மின்சுற்றுப் பலகை, தன் வரைபடத்தை வெளியிட்டுக்கொண்டே உலகம் முழுக்கப் பரவியது. 'திறந்த' என்ற சொல்லை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். படம் காட்டியவரும் திறந்தவர், பாதி காட்டியவரும் திறந்தவர் என்றானது. 2010 செப்டம்பரில் நியூயோர்க்கில் அயா பிடெய்ர், அலீசியா கிப் ஆகியோரின் முயற்சியில் முதல் திறந்த வன்பொருள் மாநாடு கூடியது. அதையொட்டி எழுதித் திருத்திய வரையறையின் முதல் பதிப்பு 2011 பெப்ரவரியில் முடிந்தது.

அதன் சாரம் இது: வடிவமைப்பு பொதுவில் இருக்க வேண்டும், எவரும் அதைப் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம், அதன்படி பொருளைச் செய்யலாம், விற்கலாம். இந்த ஐந்தும் இருந்தால்தான் அது திறந்த வன்பொருள். கீழே பன்னிரண்டு நிபந்தனைகள். அவற்றுள் மூன்றை நம் ஸ்டோர் வாசலில் வைத்தே பார்ப்போம்.

முதலாவது, வரைபடம் திருத்துவதற்கு ஏற்ற மூல வடிவில் கிடைக்க வேண்டும். இது கோலம் போடுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். முடிந்த கோலத்தின் படத்தைக் காட்டினால் ரசிக்கலாம். பதினைந்து புள்ளி, எட்டு வரை, ஊடு புள்ளி என்று கணக்கைச் சொன்னால்தான் நம் வாசலில் போடலாம், பெரிய வாசலுக்குப் பெரிதாக்கலாம், நடுவில் ஒரு பூவை மாற்றலாம். படம் தருவது பெருமை. புள்ளிக் கணக்கைத் தருவதே திறப்பு.

இரண்டாவது, எந்த மனிதருக்கும் எந்தத் துறைக்கும் தடை போடக் கூடாது; வியாபாரத்துக்கும் கூடாது. 'இலவசமாகச் செய்துகொள், விற்காதே' என்று நல்லெண்ணத்தோடு எழுதுகிறவர்கள் பலர். வரையறை அதை ஏற்பதில்லை. அதுதான் சரி. ஹட்டன் பட்டறைக்காரர் உழைப்பை விற்று வாழ்கிறவர். அவர் விற்கக் கூடாது என்றால் வரைபடம் வரைபடமாகவே நின்றுவிடும், எந்த ஓடையிலும் டர்பைன் சுழலாது. வசதி உள்ளவன் பொழுதுபோக்காகச் செய்வதற்கு மட்டும் திறந்த கதவு, உழைப்பாளிக்குச் சாத்திய கதவுதான்.

மூன்றாவது, இயந்திரம் ஓட மென்பொருள் தேவைப்பட்டால் அதுவும் திறந்திருக்க வேண்டும். அல்லது வேறொருவர் எழுதிக்கொள்ளும் அளவுக்காவது அதன் இணைப்பு விவரம் எழுதப்பட்டிருக்க வேண்டும். இதற்குக் கடைசியில் திரும்பி வருவோம்.

இந்த அளவுகோலை வைத்து நம் கதையை அளந்து பார்க்கலாம். ஜாக்சனின் ரோலர் தேறாது: காலப்போக்கில் உரிமை கிடைத்தது, வரைபடம் கிடைக்கவில்லை. மோட்டர் மின்பிறப்பாக்கி பாதி தேறும்: அறிவு நூலாகிக் கைக்கு வந்தது, செய்வதற்கும் விற்பதற்கும் வழி பிறந்தது. ஆனால் அச்சுப் புத்தகம் திருத்தக்கூடிய மூலக் கோப்பு ஆகாது. திருத்தியதைத் திரும்பப் பொதுவில் சேர்க்கும் ஏற்பாடும் அதில் இல்லை. சப்ரகமுவவில் ஒருவர் கண்ட மேம்பாடு நுவரெலியாவுக்கு வர மறுபடி ஒரு ஆள் நடந்து வர வேண்டியிருந்தது.

திறந்ததும் மூடியதும்

இரண்டு பூட்டும் ஒன்றாகத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் முக்கியமான அமெரிக்கக் காப்புரிமை 2009இல் காலாவதியானது. அதற்கு முன்பே, 2005இல், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் ரெப்ராப் என்ற திட்டத்தைத் தொடங்கி, அப்படிப்பட்ட இயந்திரத்தின் வரைபடங்களைப் பொதுவில் வைத்திருந்தார். உரிமையும் வரைபடமும் ஒருசேரக் கைக்கு வந்தன. பெரிய ஆலைகளில் மட்டும் இருந்த இயந்திரம் சில ஆண்டுகளில் பாடசாலை மேசைக்கு வந்தது.

அதே ஓட்டத்தில் வளர்ந்த மேக்கர்பொட் கம்பெனி 2012இல் தன் புதிய இயந்திரத்தின் வரைபடத்தை வெளியிட மறுத்தது. அதுவரை ஊர்கூடிச் செம்மைப்படுத்தித் தந்தவர்கள் மனம் உடைந்தார்கள். 'திறந்த' என்ற சொல்லுக்கு எழுத்தில் ஒரு வரையறை இருந்ததால்தான், கம்பெனி எந்த இடத்தில் விலகியது என்று விரல்வைத்துக் காட்ட முடிந்தது. வரையறையின் பயன் அதுதான்.

2011இலேயே ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் வன்பொருளுக்கென்றே ஓர் உரிமத்தை எழுதியது. 2016இலிருந்து திறந்த வன்பொருள் சங்கம் சான்றிதழும் எண்ணும் வழங்குகிறது. நம் கடல் தாண்டிச் சென்னையில் ஐஐடி ஆசிரியர் காமகோடியின் குழு, எவரும் பயன்படுத்தக்கூடிய கட்டளைத் தொகுதியின் மேல் 'சக்தி' என்ற கணினிச் செயலியை வடிவமைத்து, அதன் மூலத்தைப் பொதுவில் வைத்தது. ஒரு பாகம் திறந்தால் முழு இயந்திரமும் திறந்துவிடாது என்பது உண்மை. ஆனால் செயலி போன்ற அடியாழத்துப் பாகமே தமிழ் மண்ணில் திறந்தது என்பது நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல வேண்டிய செய்தி.

மடுவத்துத் தராசு

இப்போது மலைக்குத் திரும்புவோம், கொழுந்து மடுவத்துக்கு.

ஒரு பெண் நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிப் பறித்த கொழுந்து அங்கே தராசில் ஏறுகிறது. அவளுடைய பெயருக்கு நேரே எழுதும் கிலோதான் அவள் கூலியைத் தீர்மானிக்கிறது. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிவு போடுவது தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் பேசிவரும் வழக்கு. பழைய வில் தராசில் முள் நகர்வதை அவளும் பார்த்தாள். கழிவை வாயால் சொன்னார்கள், அதைக் கேட்டு எதிர்த்துப் பேசவும் அவளால் முடிந்தது.

இன்று மின்னணுத் தராசுகள் மடுவங்களுக்கு வந்துவிட்டன. எடை எண்ணாக ஒளிரும், கணக்கு உள்ளேயே பதியும். 1995ஆம் ஆண்டு 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டப்படி தராசின் அளவை அரசு சோதித்து முத்திரை குத்துகிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் முத்திரை சொல்வது தராசு சரியாக நிறுக்கிறது என்பதை. நிறுத்த எடைக்கும் பதியும் எடைக்கும் நடுவே கழிவுக் கணக்கை மென்பொருளில் எழுதி வைத்தால், அந்த விதியை அவள் பார்க்க முடியுமா? தொழிற்சங்கத்துக்காரர் பார்க்க முடியுமா? ஹட்டனில் மின்னணுவியல் படித்த அவள் மகன் திறந்து வாசிக்க முடியுமா?

வரையறையின் மூன்றாவது நிபந்தனை தேவைப்படுவது இங்கேதான். கூலியை அளக்கும் இயந்திரத்தின் வரைபடமும் அதற்குள் ஓடும் மென்பொருளும், அதனால் அளக்கப்படுகிறவர்கள் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தராசில் பயன்படும் சுமையுணரியும் சிறு செயலியும் அரிய பொருள்கள் அல்ல. கொழும்புக் கடைகளில் கிடைப்பவை. திறந்த வரைபடத்தில் கொழுந்துத் தராசு ஒன்றைச் செய்வது நம் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களின் திறனுக்குள் அடங்கிய வேலை. அதைச் செய்து, வரைபடத்தை உரிமத்தோடு பொதுவில் வைத்து, எந்தப் பட்டறையும் செய்து விற்க வழிவிட்டால், டெய்லர் காலத்தில் கண்டிப் பட்டறையில் தொடங்கியதை நாம் நிறைவு செய்தவர்களாவோம்.

நூற்றைம்பது ஆண்டுகளாக நம் மக்கள் ரோதையைச் சுற்றினார்கள், துடைத்தார்கள், அதற்குக் கற்பூரம் காட்டினார்கள். வரைபடம் மட்டும் அவர்களிடம் வரவில்லை. மலையில் படித்து வந்திருக்கும் இளைஞர்களிடம் இந்தத் தொடர் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான்: அடுத்த இயந்திரத்துக்கு வரைபடத்தை நீங்கள் வரையுங்கள், வரைந்ததை ஊருக்குக் கொடுங்கள்.

(தொடரும்)